சீட்டுக்கு இருபது பேர்

2002. மயிலாப்பூரில் ஒரு பிரௌசிங் சென்டர். மணிக்கு 30 ரூபாய். பிளைவுட் தடுப்பு போட்ட ஆறு பொந்துகள். ஃபேன் உண்டு, ஆனால் அது முதலாளியின் தலைக்கு மேலேதான் சுற்றும். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஏழு மணி ஆனால் கால் தன்னால் அங்கே போய்விடும். உள்ளே நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

அதில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பழைய தமிழ் சினிமாப் பாட்டு பற்றிப் பேசுவதற்காக ஈமெயிலில் கூடிய குழு அது. டெட்ராய்டில் ஒருத்தர், சிங்கப்பூரில் இரண்டு பேர், சவூதியில் ஓர் எஞ்சினியர், திருச்சியில் ஒரு பேராசிரியை. கும்பகோணத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். அவரை எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் சார் என்போம். தமிழில் அடிக்க அப்போது ஆளுக்கொரு ஃபான்ட். ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு ஜாங்கிரி பிழிந்த மாதிரி தெரியும். 'சார், ஒண்ணும் படிக்க முடியலை' என்று பதில் போட்டால், அலுத்துக்கொள்ளாமல் திரும்ப அனுப்புவார். அவ்வளவு பொறுமை.

ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் சார் ஒரு பாட்டை விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை என்று எழுதிவிட்டார். அது கே.வி. மகாதேவன் பாட்டு. எனக்கு நிச்சயமாகத் தெரியும். குழுவில் எழுதவில்லை. அவருக்கு மட்டும் தனியாக நாலு வரி எழுதினேன். மறுநாள் அவரே குழுவில் போட்டார்: 'நம்ம மயிலாப்பூர்த் தம்பி காப்பாத்தினார். இல்லேன்னா மகாதேவன் கனவுல வந்து காதைத் திருகியிருப்பார்.' எனக்குத் தனியாக இன்னொரு கடிதம். கும்பகோணம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க, டிகிரி காபி தருகிறேன்.

போனேன். குடித்தேன். அந்த மாதிரி காபியை அப்புறம் குடிக்கவில்லை.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

*

இப்படி ஒரு குட்டிக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பிற்பாடு ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 'அப்பல்லாம் எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா! ஜனங்க நல்லவங்க சார் அப்ப.'

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஜனங்கள் மாறவே இல்லை. வேண்டுமானால் நம் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2004 ஜனவரியில் கூகுள் ஆரம்பித்தது. அதை உருவாக்கிய எஞ்சினியரின் பெயரையே தளத்துக்கும் வைத்தார்கள். உள்ளே வர வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற ஒருவர் அழைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி. வந்தவர்கள் ஒருவர் சுவரில் ஒருவர் கிறுக்கினோம். நண்பனுக்கு நற்சான்றிதழ் எழுதினோம். 'ரொம்பத் தங்கமான பையன், கடன் மட்டும் கொடுத்துடாதீங்க.' உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இந்தியாவும் பிரேசிலும் அதைக் கொண்டாடின. 2006ல் அழைப்பிதழ் வேண்டாம், யாரும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். அப்புறம் முன்பின் தெரியாத ஆண்கள் முன்பின் தெரியாத பெண்களிடம் ஃப்ரெண்ட்ஷிப் பண்ணலாமா என்று கேட்டுக் கேட்டே அந்த இடத்தைச் சந்தைக்கடை ஆக்கினார்கள். நாம் ஃபேஸ்புக்குக்கு மூட்டை கட்டினோம். 2014 செப்டம்பர் 30ஆம் தேதி ஆர்குட்டுக்கு மூடுவிழா.

ஃபேஸ்புக்கும் ஆரம்பத்தில் ஹார்வர்ட் மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்ததுதான். போன புதிதில் 'ஆர்குட் மாதிரி இல்லை, இங்க டீசன்ட்டா இருக்கு' என்றோம். சொன்னதும் நாம்தான், பிற்பாடு அங்கே அடித்துக்கொண்டதும் நாம்தான். அதே மனிதர்கள், அதே நாக்கு. ஆகவே நல்லவர், கெட்டவர் என்ற தியரி கணக்கில் டேலி ஆகவில்லை.

பின்னே எது மாறுகிறது?

*

என் அம்மா சீட்டு நடத்தினாள். இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு மாதம் 500 ரூபாய். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. கோடு போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது, எந்த வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லோருக்கும் தெரியும். அவசரக்காரருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். பணம் எடுத்தவர் அடுத்த மாதம் கட்டாமல் இருக்க முடியாது. காய்கறிக்காரர் வண்டியருகே மற்ற பத்தொன்பது பேரையும் தினம் பார்த்தாக வேண்டுமே.

இதற்காக அந்த இருபது பேரும் உத்தமிகள் என்று நினைக்காதீர்கள். அதில் இரண்டு பேர் வாய்த்தகராறில் பேட்டையையே கதிகலங்க அடிப்பவர்கள். ஆனால் சீட்டு என்று வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். உடைந்தால் தன் பணமும் போகும்.

இருபது பேர் இருந்தால் இரண்டிரண்டு பேராக எத்தனை ஜோடி? 190. அம்மாவால் அந்த 190 உறவையும் மண்டையில் வைத்துக்கொள்ள முடியும். யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது உட்பட. ஆயிரம் பேர் ஆனால் 4,99,500 ஜோடி. அதற்கு மேல் சட்டம் வேண்டும், ரிஜிஸ்திரார் வேண்டும், ஜாமீன் கையெழுத்து வேண்டும். 1982ல் சிட் ஃபண்டுகளுக்கு மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. அம்மாவின் நோட்டுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவில் தொலைந்துபோகிற ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் 'அப்பல்லாம் நல்லா இருந்தது' என்கிறோம்.

கம்ப்யூட்டரில் இந்த மாதிரி சீட்டு நடத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. 'தி வெல்' என்று பெயர். 1985ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சாசலிட்டோ என்ற ஊரில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்கள் ஸ்டீவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியன்ட் என்ற இருவர். இந்த பிரில்லியன்ட் நமக்கு அன்னியர் இல்லை. 1970களில் உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டராக இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புக்கு அலைந்தவர். அவர் சேர்ந்து தொடங்கிய சேவா அறக்கட்டளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு கைகோத்தது. போகட்டும், கதைக்கு வருகிறேன்.

வெல்லில் நுழைய மாதச் சந்தா 8 டாலர். அதற்கு மேல் மணிக்கு 2 டாலர். டெலிபோன் செலவு தனி. புனைபெயரில் எழுதலாம், ஆனால் உன் நிஜப் பெயர் என்ன என்று மற்ற உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ள முடியும். நீ எழுதியதற்கு நீயே பொறுப்பு என்பது வாசலிலேயே சொல்லப்பட்ட விதி. மாதம் ஒரு தடவை ஆபீசில் பார்ட்டி வைப்பார்கள். திரையில் சண்டை போட்டவரை அங்கே தட்டும் கையுமாகச் சந்திக்க வேண்டியிருக்கும்!

ஹவர்ட் ரைன்கோல்ட் என்ற எழுத்தாளர் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். 1993ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ராத்திரி நேரம். குழந்தையின் தலையில் உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனைவி டாக்டருக்கு போன் செய்து காத்திருக்கிறார். இவர் வெல்லில் கேள்வியைப் போடுகிறார். டாக்டர் திரும்பக் கூப்பிடுவதற்குள் இங்கே பதில் வந்துவிட்டது. உண்ணியை எடுத்தாயிற்று.

இன்றைக்கும் நீங்கள் ஃபேஸ்புக்கில் இந்தக் கேள்வியைப் போடலாம். பதில் கண்டிப்பாக வரும். நூறு வரும். அதில் மண்ணெண்ணெய் வைக்கச் சொல்லி ஒன்று, நாய் வளர்ப்பவர்களைத் திட்டி பத்து, தாய்மார்களின் பொறுப்பின்மை குறித்து இருபது. உண்ணி அங்கேயே இருக்கும்.

*

கூட்டம் சேர்ந்தால் கெட்டுவிடும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கும்பகோணத்தில் மகாமகத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பக்கத்தில் நிற்கிறவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் கிழவிக்குக் கை கொடுத்துப் படி இறக்கிவிடுகிறார்கள். ஆகவே தலை எண்ணிக்கை மட்டும் விஷயம் இல்லை. எவ்வளவு வேகமாக வந்து சேருகிறார்கள் என்று ஒன்று இருக்கிறது.

யூஸ்நெட் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979ல் யோசித்து, 1980ல் ஓடவிட்ட ஏற்பாடு. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி மாற்றிக்கொள்ளும். சமையல், செஸ், விண்வெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. வருடா வருடம் செப்டம்பர் மாதம் காலேஜ் திறக்கும். புதுப் பையன்கள் திமுதிமுவென்று உள்ளே வருவார்கள். கண்ட இடத்தில் கண்டதைக் கேட்பார்கள். பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு, 'தம்பி, இதை ஏற்கெனவே பேசியாச்சு, இந்தக் குறிப்பைப் படி' என்று வழிகாட்டுவார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று இன்றைக்கு பாங்க் முதல் பாஸ்போர்ட் ஆபீஸ் வரை ஒட்டிவைக்கிறார்களே, அந்த வழக்கம் பரவியதே இங்கிருந்துதான். ஒன்றிரண்டு மாதத்தில் புதியவர்கள் பழகிவிடுவார்கள். அடுத்த செப்டம்பர் வரை நிம்மதி.

1993-94ல் அமெரிக்கா ஆன்லைன் போன்ற கம்பெனிகள் தங்கள் சந்தாதாரர்களுக்கெல்லாம் யூஸ்நெட் கதவைத் திறந்துவிட்டன. இனி தினமும் புதுப் பையன்கள். பழைய ஆட்கள் எத்தனை பேருக்குத்தான் குறிப்பு எடுத்துக் கொடுப்பார்கள்? கை ஓய்ந்தது. அந்த செப்டம்பர் முடியவே இல்லை என்று நொந்துபோய்ப் பெயர் வைத்தார்கள். முடிவில்லாத செப்டம்பர்.

பந்தியில் பத்துப் பேர் பரிமாறினால் நூறு பேர் சாப்பிடலாம். பத்தாயிரம் பேர் ஒரே சமயத்தில் இலை முன்னால் உட்கார்ந்தால் பரிமாறுகிறவரே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். வந்தவர்கள் அத்தனை பேரும் விருந்தாளிகள். வீட்டுக்காரர் என்று ஒருவரும் இல்லை. சின்ன இடத்தில், அதுவும் புதிதாக ஆரம்பித்த இடத்தில், எல்லோரும் வீட்டுக்காரர்கள். நாளைக்கு இது இருக்குமா இருக்காதா என்பதே சந்தேகம் என்பதால் வருகிற ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்கிறார்கள். புதுக்கடைக்காரர் முதல் வாரம் காட்டுகிற முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வக்கீல் தம்பதி அந்த யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க எங்களை அணுகவும். சமையல் குழுவிலும் கிரீன் கார்டு, செஸ் குழுவிலும் கிரீன் கார்டு. உள்ளே இருந்தவர்களுக்கு ரத்தம் கொதித்தது. தம்பதிக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றே புரியவில்லை. சமையல் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரியவில்லை, விலாசங்களாகத் தெரிந்தார்கள்.

பெரிய கம்பெனிகள் இதைப் பிற்பாடு சுத்தமாகச் செய்தன.

*

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு கம்பெனியைப் புரிந்துகொள்ள அதன் லட்சியப் பிரகடனத்தைப் படிக்க மாட்டேன். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ஃபேஸ்புக்குக்கு 300 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். பெரும்பாலோர் பைசா கொடுப்பதில்லை. பணம் கொடுப்பவர் விளம்பரதாரர். அவருக்கு விற்கப்படுவது நம் நேரம். அப்படியானால் கணக்குப் புத்தகத்தில் நாம் எந்தப் பக்கம்? வாடிக்கையாளர் பக்கம் இல்லை. சரக்கு இருப்பில் இருக்கிறோம்.

சரக்குக்கு விலை போட்ட கதைதான் ரொம்ப சுவாரசியம். 2017லிருந்து ஃபேஸ்புக் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. ஒரு பதிவுக்கு நீங்கள் லைக் போட்டால் ஒரு புள்ளி. சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகம் போட்டால் ஐந்து புள்ளி. புள்ளி அதிகம் வாங்கிய பதிவு அதிகம் பேர் கண்ணில் படும். ஆக, உங்களுக்குக் கோபம் வரவைத்தால், உங்களுக்குப் பிடித்துப்போவதைவிட அஞ்சு மடங்கு லாபம். இது என் ஊகம் இல்லை. 2021ல் கம்பெனியின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது பத்திரிகைகள் எழுதியது. கோபம் வாங்குகிற பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் இருக்கிறது என்று கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியாளர்களே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020ல்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள். அதுவரை உலகத்துக் குடும்பச் சண்டையெல்லாம் அஞ்சு புள்ளி ரேட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ட்விட்டரில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பரப்ப வேண்டுமானால், முதலில் அதைக் கையால் நகலெடுத்து ஒட்ட வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் ஒட்டுகிற அந்தப் பத்து விநாடியில், 'வேணுமா இது?' என்று ஒரு யோசனை வரலாம். 2009ல் அதற்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். ஒரு தட்டு, முடிந்தது. அதைக் கட்டமைத்த கிறிஸ் வெதரல் பத்து வருடம் கழித்து ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். நாலு வயசுப் பிள்ளையின் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்று.

அந்த நாலு வயசுப் பிள்ளைகளில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

*

இரண்டாம் பாகம்.

எங்கள் நாற்பது பேர் குழு 2008 வாக்கில் ஓய்ந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. ஆளாளுக்குக் கல்யாணம், குழந்தை, லோன். பிற்பாடு எல்லோரும் ஒரு பெரிய தளத்தில் இருந்தோம். எந்தத் தளம் என்பது வேண்டாம், செய்தது நான். எனக்கு அதற்குள் பத்திரிகையில் பெயர் வந்திருந்தது. பின்தொடர்கிறவர்கள் முப்பதாயிரம் பேர். போஸ்ட்மாஸ்டர் சாரும் அங்கே இருந்தார். அவர் பேரன் சேர்த்துவிட்டிருந்தான். பழைய பாட்டு பற்றி தினம் நாலு வரி எழுதுவார். அறுபது எழுபது பேர் படிப்பார்கள்.

2017ல் ஒருநாள் காலையில் அவர் மறுபடியும் ஒரு மகாதேவன் பாட்டை விஸ்வநாதன்-ராமமூர்த்தி கணக்கில் வரவு வைத்துவிட்டார்.

அதே மனிதர், அதே தப்பு. பதினைந்து வருடம் முன்னால் இதே தப்புக்கு நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அதை எடுத்து என் பக்கத்தில் போட்டு, மேலே ஒரே ஒரு வரி எழுதினேன்: 'மகாதேவன் 2001ல் ஒருமுறை இறந்தார். இன்று காலை இரண்டாம் முறை.'

நல்ல வரி, இல்லையா? எனக்கும் அப்படித்தான் பட்டது. அதை எழுதும்போது என் கண் முன்னால் அவர் இல்லை. சத்தியமாக இல்லை. முப்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவர்கள் கை தட்டுவார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டினார்கள். ஆபீசுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆயிரத்து நானூறு லைக். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எண்ணிக்கை பார்க்கிறேன், சாயங்காலம் பஸ்ஸில் எண்ணிக்கை பார்க்கிறேன். நடுவில் என்ன ஆனதென்றால், என் வரியைப் படித்தவர்கள் அவர் பக்கத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். முதலில் கிண்டல். அப்புறம் கிழவன் என்றார்கள். அப்புறம் அவர் போட்டிருந்த ஒரு குடும்பப் போட்டோவைத் தோண்டி எடுத்தார்கள். அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

ராத்திரி பத்து மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. என் வரியை அழித்தேன். அதற்குள் அது என்னுடையதே இல்லை, நூறு பேர் கையில் இருந்தது. அவர் பக்கத்தைத் தேடினேன். இல்லை. மூடிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தைரியம் வந்து வீட்டு நம்பருக்கு போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். 'அவர் இப்ப அந்தப் பக்கமே போறதில்லைப்பா. போனைப் பீரோவுல வெச்சுட்டார்' என்றார். நான் யார் பேசுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'நல்லா இருக்கியா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கம்பெனியின் மீது பழியைப் போட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே முடிக்கலாம். வசதியாகவும் இருக்கும். அஞ்சு புள்ளி வைத்தது அவர்கள், பொத்தான் வைத்தது அவர்கள். ஆனால் 2002ல் நான் ஒரு ஆளிடம் பேசினேன். 2017ல் ஒரு ஆளை வைத்துக் கூட்டத்திடம் பேசினேன். மேடையைப் போட்டவன் வேறு யாரோ, சரி. ஏறினது நான்தானே.

*

சின்னதெல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்வதாக நினைத்து யாராவது கடிதம் போடாதீர்கள். நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் 24 வீடு. அதற்கொரு வாட்ஸப் குழு. தண்ணீர் மோட்டார் யார் போடுவது என்பதில் ஆரம்பித்து இரண்டு குடும்பங்கள் லிஃப்டில் ஒன்றாக ஏறுவதில்லை. சின்ன இடத்தில் விரோதம் வந்தால் ஓட வழி கிடையாது. பெரிய இடத்தில் தொலைந்தாவது போகலாம்.

நல்ல மனதோடு ஆரம்பித்துக் கெட்டதும் உண்டு. 1978ல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கம்யூனிட்ரீ என்று ஒன்று இருந்தது. யாரையும் எதையும் தடுக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. தடுப்பதற்கான வழியையே மென்பொருளில் வைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பையன்கள் போன் போட்டு உள்ளே நுழைந்து ஆபாசமாக எழுதி டிஸ்கை ரொப்பினார்கள். அழிக்க அழிக்க வந்தது. சில மாதத்தில் அந்த மரம் பட்டுப்போயிற்று. தாழ்ப்பாள் இல்லாத வீடு எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன?

தாழ்ப்பாள் பெரிதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மெட்டாஃபில்டர் என்று ஒரு தளம், 1999லிருந்து இருக்கிறது. கூட்டம் தாங்காமல் புது ஆட்களை நிறுத்திவைத்திருந்தவர்கள் 2004ல் திறந்தபோது ஒருதரம் 5 டாலர் கட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். அஞ்சு டாலர் பெரிய பணமா? வம்புக்கென்றே வருகிறவன் அதைக்கூடக் கொடுக்க மாட்டான். கொடுத்தவனுக்கோ, போட்ட காசு வீணாகக் கூடாதே என்று ஓர் அக்கறை. அம்மாவின் 500 ரூபாய் மாதிரிதான்.

2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அடுத்த சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் மாஸ்டடானுக்குக் குடிபோனார்கள். ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ 2016ல் தொடங்கியது. ஒரே கம்பெனியின் ஒரே கட்டடமாக இல்லாமல், ஆயிரக்கணக்கான சின்ன வீடுகளாகச் சேர்த்துக் கட்டிய ஊர். ஒருவர் எழுதியதை எடுத்து மேலே கமெண்ட் அடித்துக் காட்சிக்கு வைக்கும் வசதியைப் பல வருடம் அங்கே வேண்டுமென்றே வைக்கவில்லை. அது ஆளைக் குறிவைத்து அடிக்கத்தான் உதவும் என்பது ரோக்கோவின் கட்சி. (2017ல் அந்த வசதி இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் யோசித்ததுண்டு.) குடிபோனவர்களில் பாதிப் பேர் 'இங்க ரொம்ப அமைதியா இருக்கு' என்று சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் அதே காரணத்துக்காகத் திரும்பி வந்துவிட்டார்கள். கை தட்டல் கேட்டுப் பழகிய காது.

வெல் என்ன ஆயிற்று? கை மாறி மாறிப் போனது. 2012ல் அதை வைத்திருந்த கம்பெனி விற்கப் பார்த்தபோது உறுப்பினர்களே தங்களுக்குள் பணம் திரட்டி 4 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் சேர்க்க அவர்கள் எந்த முயற்சியும் எடுத்ததாகத் தெரியவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஓர் இனம் உண்டு. கையால் தொட முடியாத சொத்து. அதற்கு எப்படி விலை போடுவது என்று பி.காம். இரண்டாம் வருடம் மூன்று முறை சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் புரிந்தது இந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

*

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனேன். சாப்பாடு முடிந்ததும் கால் மறுபடி தன்னால் போயிற்று. அதே வீடு, அதே கம்பி கேட். அவருக்கு எண்பத்து மூன்று. அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, 'அடடே, மயிலாப்பூர்த் தம்பி' என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நான் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் பாதியில் நின்றது. 'அது மகாதேவன் பாட்டுதான் தம்பி. நீங்க சொன்னது சரி' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'ஒரு போன் பண்ணியிருக்கலாம்' என்றார்.

காபி வந்தது. அம்மாதான் கொண்டுவந்து வைத்தார்.

பீரோவிலிருந்து போன் வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. மேஜை மேல் இருந்து டிங் டிங் என்றது. காட்டினார். வாட்ஸப்பில் ஒரு குழு. (அதுவும் ஃபேஸ்புக் கம்பெனி 2014ல் வாங்கிப் போட்டதுதான்.) தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். பதினாலு பேர். காலையில் ஆளுக்கொரு பாட்டு, யார் இசை, யார் எழுதியது, ரேடியோவில் முதலில் எப்போது கேட்டோம். நேற்று ஒருத்தர் சுசீலா பாட்டை ஜானகி என்று எழுதியிருந்தார். கீழே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி கழித்து அவரே திருத்திப் போட்டிருந்தார்.

'யாரோ போன் பண்ணியிருப்பாங்க' என்றேன்.

'நான்தான்' என்றார்.

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

'ஒருத்தரைச் சேர்க்கணும்னா மத்தவங்க அத்தனை பேரும் சரின்னு சொல்லணும் தம்பி. அது எங்க ரூல். பதிமூணு பேர்கிட்டயும் கேட்டுட்டுச் சொல்றேன்.'

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.